30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும்: வீட்டிலேயே ஓர் உளவியல் ஆய்வு

முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள், 30 சென்டிமீட்டர் நீளம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கடைக்குப் போகவே வேண்டாம், பையில் கிடக்கும். ஒரு நோட்டு, ஒரு பேனா, பொறுமையுள்ள பத்துப் பேர், அவ்வளவுதான்.

நான் இதை முதன்முதலில் செய்தது கடலூர் சில்வர் பீச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சொதப்பிவிட்டேன். எங்கே சொதப்பினேன் என்று போகிற போக்கில் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வு முறை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தச் சொதப்பலில் கற்றதுதான்.

படி 1: கேள்வியை அளக்கக்கூடியதாக மாற்றுங்கள்

'மொபைலில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினால் கவனம் சிதறுமா?' என்பதுதான் என் கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் 'கவனம்' என்பதை எந்தத் தராசில் வைப்பது? அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை அதற்குப் பதிலாக வைத்து, எப்படி அளப்போம் என்றும் சொல்லிவிட வேண்டும். இதைச் செயல்முறை வரையறை என்பார்கள்.

என் வரையறை இது: ஸ்கேலின் மேல்முனையை நான் பிடித்துக்கொள்வேன். கீழே, பூஜ்ஜியம் இருக்கிற இடத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலைத் தொடாமல் வைத்துக்கொள்வார். நான் சொல்லாமல் கொள்ளாமல் விடுவேன், அவர் பிடிப்பார். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தாரோ அதுதான் அளவு: பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுக்கு ஸ்கேல் கீழே போயிருக்கும். ஒருமுறை சும்மா இருந்து பிடிக்க வேண்டும், இன்னொருமுறை, மொபைல் பேச்சுக்குப் பதிலாக, 100, 93, 86 என்று ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும். நாம் மாற்றுவது (சும்மாவா, கழித்தலா) சார்பற்ற மாறி. அதனால் மாறுகிறதா என்று பார்ப்பது (சென்டிமீட்டர்) சார்ந்த மாறி. 'கழித்துக்கொண்டே பிடித்தால் தாமதமாகும்' என்ற நம் ஊகம்தான் கருதுகோள்.

நேரத்தை வைத்து மனதை அளப்பது புதுசு இல்லை. நெதர்லாந்தில் டோண்டர்ஸ் என்ற மருத்துவர் 1868-லேயே செய்தார். வூண்ட் என்பவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கிய 1879-க்கும் முந்தையது அது.

படி 2: கையில் இருக்கும் எண் எந்த ஜாதி என்று பாருங்கள்

எல்லா எண்ணும் எண் அல்ல. 1946-இல் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளை நான்காகப் பிரித்தார். கடலூர்-புதுச்சேரி எல்லையில் முள்ளோடை செக்போஸ்ட் பக்கம் நின்றால் டிஎன் 31 வண்டியும் பிஒய் 01 வண்டியும் மாறி மாறிப் போகும். 31-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏதாவது அர்த்தம் உண்டா? இல்லை, அது வெறும் பெயர்: பெயரளவு அளவை. கோலப்போட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பது வரிசை அளவை, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று அது சொல்லாது. 40 டிகிரி செல்சியஸ் வெயில் 20 டிகிரியைப் போல் இரண்டு மடங்கு சூடு அல்ல, ஏனென்றால் அங்கே பூஜ்ஜியம் நாம் வைத்தது: இடைவெளி அளவை. நேரமும் நீளமும் விகித அளவை, பூஜ்ஜியம் என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஸ்கேல் விழ விழ வேகம் கூடும், அதனால் 20 சென்டிமீட்டரில் பிடித்தவர் 10-இல் பிடித்தவரைவிட இரண்டு மடங்கு மெதுவானவர் அல்ல. தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 0.143 வினாடி, 20-க்கு 0.202. முதலில் நேரமாக மாற்றிவிட்டு அப்புறம் சராசரி போடுங்கள், சென்டிமீட்டரைச் சராசரி போட்டுவிட்டு மாற்றாதீர்கள்.

'ஸ்கேல் எதற்கு, கவனம் சிதறுகிறதா என்று நேரே கேட்டுவிடலாமே?' கேட்கலாம். லிக்கர்ட் என்ற உளவியலாளர் 1932-இல் கொடுத்த ஐந்து புள்ளி முறை (விடையை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணில் போடுவது) அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 'பரவாயில்லை' என்பார்கள். அதை மூன்றில் போடுவதா, நான்கில் போடுவதா? பெரியம்மா வீட்டுச் சாம்பாருக்குச் சொன்ன பரவாயில்லையும் பரீட்சைக்குச் சொன்ன பரவாயில்லையும் ஒன்றா? கேள்வித்தாள் எழுதுவது ஸ்கேலைவிடக் கஷ்டம், ஆரம்பத்தில் வேண்டாம்.

படி 3: ஆட்களும் வரிசையும்

முதலில் அனுமதி கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சொல்லுங்கள். நோட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

நான் சொதப்பிய இடம் இதுதான். எல்லோரையும் முதலில் சும்மா பிடிக்க வைத்தேன், அப்புறம் கழிக்கச் சொல்லிப் பிடிக்க வைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. 'பேசினால் ஒன்றும் ஆகாது போலிருக்கே' என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, ராத்திரி தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது: இரண்டாவது சுற்றுக்குள் அத்தனை பேருக்கும் கை பழகியிருக்கும். பழக்கம் தந்த வேகமும் கழித்தல் தந்த தாமதமும் ஒன்றையொன்று தின்றுவிட்டிருக்கலாம், எனக்கு அது தெரிய வழியே இல்லை.

அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேர் சும்மா முதலில், மீதிப் பேர் கழித்தல் முதலில் என்று பிரியுங்கள். மூன்று தடவை ஒத்திகை, அது கணக்கில் சேராது. பிறகு ஒவ்வொரு விதத்திலும் பத்துத் தடவை. கடற்கரை வேண்டாம், காற்றில் ஸ்கேல் ஆடும், சுண்டல் பையன் நடுவில் வருவான். திண்ணை போதும்.

படி 4: விதியை முன்கூட்டியே எழுதுங்கள்

என் சித்தி பையன் ஒருதடவை 4 சென்டிமீட்டரில் பிடித்தான். கணக்குப் போட்டால் 0.09 வினாடி. ஓட்டப்பந்தயத்தில் 0.1 வினாடிக்குள் கிளம்பினாலே தவறான புறப்பாடு என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே அவன் ஸ்கேலைப் பார்த்துப் பிடிக்கவில்லை. என் விரல் தளர்வதைப் பார்த்தானோ, குருட்டாம்போக்கில் மூடினானோ, தெரியாது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கேள்வி கேட்பவரின் உடலில் தெரியும் சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-இல் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் காட்டினார். அதனால் ஒன்று முதல் ஐந்து வினாடிக்குள் ஒழுங்கே இல்லாமல் விடுங்கள், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர்களிடம் முடியும்வரை சொல்லாதீர்கள்.

5 சென்டிமீட்டருக்குக் கீழே பிடித்தால் தள்ளுபடி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று அடிக்க ஆரம்பித்தால் நமக்குப் பிடித்த விடைதான் வரும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, புள்ளியியல் கணக்கில் தேறியவை சுமார் 36 சதவீதம்தான். இப்படி அடித்துத் திருத்துவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

படி 5: எழுதும்போது

இரண்டு சோதனை. மறுநாளும் அதே ஆட்களை அளந்தால் கிட்டத்தட்ட அதே எண் வருகிறதா? அது நம்பகத்தன்மை. அந்த எண் நாம் நினைத்ததைத்தான் அளக்கிறதா? அது ஏற்புடைமை. தையல்கார அண்ணனின் டேப்பால் என் தலையைப் பத்துத் தடவை அளந்தாலும் ஒரே சுற்றளவுதான் வரும், அதை வைத்து என் புத்தியைச் சொல்ல முடியாது.

ஆகவே 'மொபைல் பேசினால் கவனம் சிதறும்' என்று எழுதாதீர்கள், நீங்கள் மொபைலை அளக்கவே இல்லை. 'திண்ணையில் உட்கார்ந்து ஏழு ஏழாகக் கழித்த பத்துப் பேர் ஸ்கேலைப் பிடிக்க இவ்வளவு தாமதித்தார்கள்' என்று எழுதுங்கள். கேட்பதற்கு உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும்.

சித்தி பையன் இரண்டாவது தடவையும் வந்தான், இந்தமுறை 4.5-இல் பிடித்தான். அடித்துவிட்டேன். சண்டைக்கு வந்தான், முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.