உங்கள் ரவுட்டர் நொடிக்கொரு தடவை மணி கேட்கிறதா?

இணையத்தில் கருவிகளுக்கு நேரம் சொல்ல, தன்னார்வலர்கள் தங்கள் சர்வர்களைச் சேர்த்துவைத்திருக்கும் கூட்டம்தான் என்டிபி பூல். அதில் என்னுடைய சின்ன சர்வரும் ஒன்று. மாத வாடகை என் கைக்காசு. கேட்கிறவர்களுக்குச் சரியான நேரம் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. போன மழைக்காலத்தில் அம்மா வீட்டுப் பழைய ரவுட்டரைச் சோதித்தேன். நொடிக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நாளைக்கு 86,400 தடவை! என் வீட்டுப் பெட்டியே இன்னொருவரின் சர்வரைப் படுத்துகிறதே என்று மனசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பார்த்துவிடுங்கள். லேன் போர்ட் உள்ள லேப்டாப், ஒரு கேபிள், போன் ஹாட்ஸ்பாட், வலையில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் போதும். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, அந்த இணைப்பை லேன் போர்ட்டுக்குப் பகிருங்கள். ரவுட்டரின் வேன் போர்ட்டை (இணையம் உள்ளே வரும் துளை) கேபிளால் அதில் இணைத்து, முகவரியைத் தானாகப் பெறும்படி வையுங்கள். மற்ற சாதனங்களை ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். அவையும் மணி கேட்கும், குழப்பம்தான் மிஞ்சும். வயர்ஷார்க்கில் லேன் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, நேரக் கேள்விகள் போகும் யுடிபி 123 போர்ட்டையும், சர்வர் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். ரவுட்டரை ஒரு தடவை அணைத்து, திரும்பப் போடுங்கள்.

தொடக்கத்தில் நாலைந்து கேள்வி வந்தால் தப்பில்லை. அப்புறம் இடைவெளி நிமிடக்கணக்கில் நீள வேண்டும்.

பலர் இதோடு விட்டுவிடுவார்கள். உண்மையான சோதனை இனிமேல்தான். ஹாட்ஸ்பாட்டை அப்படியே ஓடவிட்டு, போனில் மொபைல் டேட்டாவை மட்டும் அணையுங்கள். ரவுட்டரை மறுபடி அணைத்துப் போடுங்கள். இப்போது யாரும் பதில் சொல்லப் போவதில்லை. நல்ல ரவுட்டர் பொறுமையாக இடைவெளியைக் கூட்டும். கெட்டது வெறிபிடித்த மாதிரி கேட்கும். சர்வர் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடாமலே 123-க்குக் கேள்வி போனால், சர்வரின் ஐபி எண்ணை ஃபர்ம்வேரிலேயே (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இதுதான். நெட்கியர் ரவுட்டர்கள் சிலவற்றில் அந்தப் பல்கலைக்கழக நேர சர்வரின் ஐபி எண் பதிந்திருந்தது. பதில் வராவிட்டால் நொடிக்கொரு தடவை கேட்கும். கேள்விகள் எல்லாம் 23457 என்ற ஒரே போர்ட்டிலிருந்து வந்ததால் அதை வைத்துத் தடுத்தார்கள். தடுத்ததால் பதில் நின்றது. ஜூனில் வெள்ளம் நொடிக்கு 2,50,000 பாக்கெட்டைத் தாண்டியது. வாங்குகிற முனையில் கதவைச் சாத்தினாலும் தட்டுவது நிற்காது. அனுப்புகிற வீட்டில்தான் சரிசெய்ய வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். நேர அமைப்புப் பக்கத்தில் ஐபி எண் இருந்தால் அழித்து, பூலின் இந்திய மண்டலப் பெயரைப் போடுங்கள். இடைவெளி கேட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொடுங்கள். வீட்டு ரவுட்டருக்கு அது தாராளம். எதை மாற்றினாலும் அடங்கவில்லையா? அதன் முன்னால் இன்னொரு ரவுட்டர் வைத்து, இதிலிருந்து 123-க்குப் போவதைத் தடுங்கள். கத்தினாலும் வீட்டுக்குள்ளேயே கத்தட்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் பெட்டியை மாற்றிவிடுங்கள்.

முடித்ததும் இரண்டு சோதனையையும் மறுபடி செய்யுங்கள். அம்மா வீட்டில் பெயரை மாற்றிப் போட்டபின் திரையில் ஒரு கேள்வி, ஒரு பதில். அடுத்த வரிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.