டெட்ராய்ட்டுக்குப் புதிதா? லயன்ஸ் ரசிகராவது எப்படி

டெட்ராய்ட்டைச் சுற்றி ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களுக்கு வீடு பிடிப்பது, ஓட்டுநர் உரிமம் வாங்குவது, பனிக்கால ஜாக்கெட் எங்கே வாங்குவது என்று எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். செப்டம்பர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர் ஏன் இப்படி மாறிவிடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நீலச் சட்டை, மளிகைக் கடையில் பில் போடும் பெண்ணும் நீலச் சட்டை. திங்கள் காலை அலுவலகத்தில் முதலில் வரும் பேச்சு வானிலை இல்லை, நேற்றைய ஆட்டம்தான்.

எல்லாம் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக. அமெரிக்கக் கால்பந்தில் எந்த அணியைப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஜெயிக்கிற அணியைத் தேடிப் போகாதீர்கள், குடியிருக்கிற ஊரின் அணியைப் பிடியுங்கள். கோப்பை வெல்லும் அணிக்குக் கைதட்டுவதற்கு எந்த ஊரிலும் இருக்கலாம். இந்த அணிக்காக இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து வருத்தப்படத் தொடங்கும்போதுதான் அவர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

முதலில் ஆட்டம் புரிய வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பந்துவீச்சாளரும் தலைவரும் யோசித்து ஆளை நகர்த்துவதைப் போல, இங்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டம் நின்று இரண்டு பக்கமும் திட்டம் போடுகிறார்கள். பக்கத்துக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 யார்டு, இரு முனைகளிலும் 10 யார்டு எல்லைப் பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்கில் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தை எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்த்தால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன் பிறகு உதைத்து 1 புள்ளி எடுக்கலாம். துணிந்து இன்னொரு முறை பந்தை உள்ளே கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளிகள். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். அபராத விதிகளை உட்கார்ந்து படிக்காதீர்கள், பார்க்கப் பார்க்கத் தானாக வந்துவிடும்.

பந்து போகும் இடத்தை மட்டும் பார்த்தால் சலிப்புத் தட்டும். நான்காவது டவுன் வரும்போது பயிற்சியாளரின் முகத்தைப் பாருங்கள். உதைத்து 3 புள்ளிகளோடு திருப்தி அடைவதா, இல்லை பந்தை எதிரணியிடம் இழக்கும் ஆபத்தை ஏற்று முன்னேறப் பார்ப்பதா? அந்த முடிவில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது, ஊர்ச் சண்டையில் முக்கால்வாசியும் இருக்கிறது.

பார்ப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. எடுத்த எடுப்பிலேயே மாதச் சந்தா கட்டாதீர்கள். ஜன்னலோரம் வைக்கும் சின்ன ஆன்டெனா ஒன்று வாங்கினால் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் இலவசமாக வரும். லயன்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை இவற்றில்தான். கேபிளிலோ இணையத்திலோ மட்டும் வரும் வியாழன், திங்கள் இரவு ஆட்டங்களைக்கூட அந்தந்த அணியின் சொந்த ஊரில் ஏதாவதொரு இலவச அலைவரிசையில் காட்டுவார்கள். ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள், அதில் பல ஞாயிறு மதியம் 1 மணிக்கு. நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: கடிகாரப்படி ஆட்டம் 60 நிமிடம்தான், ஆனால் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையில் நகர்வது கால் மணி நேரத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் கூடிப் பேசுவதும், நடுவர் மறுபரிசீலனையும், விளம்பரமும். இந்த விளம்பரங்கள் எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். அதிலும் சூதாட்டச் செயலி விளம்பரங்கள். மிச்சிகனில் 2021 ஜனவரி முதல் இணையத்தில் பந்தயம் கட்டுவது சட்டப்படி செல்லும். இலவச டாலர் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். புது ஊரில் முதல் வருடச் சேமிப்பை இழக்க அதைவிட வேகமான வழி கிடையாது.

இனி இந்த ஊரின் காயங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே யாரோடும் லயன்ஸ் பற்றிப் பேச முடியாது. லயன்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1957-ல், சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டி தொடங்குவதற்கும் முன்னால். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சூப்பர் பௌலில்கூட இந்த அணி ஆடியதில்லை. 1957-க்குப் பிறகு, பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் 2023 வரை ஒரே ஒரு வெற்றி, 1992 ஜனவரியில். அடுத்த வெற்றிக்கு 32 வருடம் காத்திருந்தார்கள்.

நல்ல வீரர்கள் இல்லாமல் இல்லை. பாரி சாண்டர்ஸ் என்ற பெயரைச் சொன்னால் ஐம்பது வயதைக் கடந்த எந்த டெட்ராய்ட்காரரின் முகமும் மலரும், அப்புறம் வாடும். பத்துப் பருவங்களில் பந்தோடு ஓடி 15,269 யார்டு எடுத்தவர். அந்தக் காலத்து லீக் சாதனைக்கு ஏறக்குறைய ஒரு பருவத் தூரம்தான் பாக்கி. 1999 கோடையில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஓய்வு அறிவித்துவிட்டார். தோற்றுத் தோற்றுக் களைத்த அணியில் அவர் தேய்ந்ததை ஊரே பார்த்தது. கால்வின் ஜான்சன் 2012-ல் ஒரே பருவத்தில் 1,964 யார்டு பந்து பிடித்துச் சாதனை படைத்தார். அவரும் 2015 பருவத்தோடு சீக்கிரமே விலகினார். 2008-ல் 16 ஆட்டங்களில் 16-ம் தோல்வி. 2021 செப்டம்பரில் பால்டிமோர் ரேவன்ஸ் வீரர் கடைசி நொடியில் 66 யார்டிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, எகிறி, அந்தப் பக்கம் விழுந்தது. லீக் வரலாற்றில் அதுவரை யாரும் உதைக்காத தூரம், அதுவும் நம் மைதானத்தில். இந்த மாதிரி நாட்களில் 'அதே பழைய லயன்ஸ்' என்று ஊர்க்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் சொல்லலாம், வந்த புதிதில் நீங்கள் சொல்லாதீர்கள்.

அந்த 2021-ல்தான் டான் கேம்பல் பயிற்சியாளராக வந்தார். அதே வருடம் 12 பருவங்கள் இங்கே உழைத்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டாமென்று விட்ட ஜாரெட் காஃபை வாங்கினார்கள். ஸ்டாஃபர்ட் போன முதல் பருவத்திலேயே சூப்பர் பௌல் வென்றார், லயன்ஸ் மூன்றே ஆட்டங்களில் ஜெயித்தது. ஆனால் 2024 ஜனவரி 14-ம் தேதி அதே ஸ்டாஃபர்ட் பிளேஆஃப் ஆட்டத்துக்கு எதிரணித் தலைவராக நம் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டுக்கு வந்தபோது, லயன்ஸ் 24-23 என்று ஜெயித்தது. அரங்கம் முழுக்க காஃபின் பெயரைச் சொல்லிக் கத்தியது. இன்னொரு ஊர் தள்ளிவிட்ட ஒருவரை டெட்ராய்ட் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட இரவு அது. வேறு தேசத்திலிருந்து இங்கே வந்து காலூன்றப் பார்க்கும் நமக்கு அந்தச் சத்தம் நன்றாகவே புரியும்.

இரண்டு வாரம் கழித்து சான் பிரான்சிஸ்கோ அணியின் மைதானத்தில், சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால், பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. முடிவில் 34-31 தோல்வி. நம் தடுப்பு வீரரின் முகக்கவசத்தில் பட்டு எகிறிய பந்து எதிரணிக்காரர் கைக்குப் போனது. கேம்பல் இரண்டு முறை ஃபீல்ட் கோலை விட்டுவிட்டு நான்காவது டவுனில் முன்னேறப் பார்த்தார், இரண்டும் பலிக்கவில்லை. அவர் செய்தது சரியா என்று அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மதிய உணவு நேரம் போதாது. நான் அவர் பக்கம்தான். அந்தத் துணிச்சல்தான் அணியை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது. தோற்ற அன்று மட்டும் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. அடுத்த பருவம் 15 வெற்றி, 2 தோல்வி. பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று வீழ்ந்தார்கள். அந்தத் தோல்வி எனக்கு சான் பிரான்சிஸ்கோவைவிட அதிகம் வலித்தது.

மைதானத்துக்குப் போக நினைத்தால்: ஃபோர்ட் ஃபீல்டுக்குக் கூரை உண்டு, உள்ளே குளிராது. நடந்துபோகும் தூரத்துக்கு மட்டும் கனமான ஜாக்கெட் போதும். கைப்பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் பை, அல்லது கையகலச் சின்னப் பர்ஸ், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் ஈஸ்டர்ன் மார்க்கெட் பக்கம் கார்களை நிறுத்தி, அடுப்பு மூட்டிச் சமைத்து, கூடிக் கொண்டாடுவார்கள். இதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் இறைச்சிதான் இருக்கும், அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. மசால் வடை கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். பக்கத்துக் காரில் இருப்பவர்களிடம் நீட்டினால் போதும், பேச்சு தானாகத் தொடங்கும்.

நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள். 1934 முதல் அன்று லயன்ஸ் சொந்த ஊரில் ஆடுவது வழக்கம். யாராவது விருந்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். மதியம் சமையலறையில் வான்கோழி, கூடத்தில் லயன்ஸ். எந்தக் குடும்பத்தோடும் ஒட்டிக்கொள்ள அதைவிட எளிய நாள் இல்லை.

சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், அது தனி உலகம். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காருவார்கள். உங்கள் மேலாளர் மிச்சிகன் ரசிகரா, அதன் போட்டிப் பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டின் ரசிகரா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் புகழ வேண்டாம்.

பிள்ளைகள் ஆட ஆசைப்பட்டால் யோசித்துச் செய்யுங்கள். முட்டி மோதி வீழ்த்தும் இந்த ஆட்டத்தில் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கிறது. இந்த ஆட்டத்தை நேசிக்கிறவன் என்பதாலேயே இதை மறைக்காமல் சொல்கிறேன். இடுப்பில் கட்டிய துணிப்பட்டையை உருவினால் போதும் என்கிற ஃபிளாக் ஃபுட்பால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு அதுவும் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில், ஆட்டங்களில் அணிவகுத்து வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் சேர்த்துவிடலாம்; வெள்ளி இரவு ஆட்டங்களுக்கு உங்களுக்கும் போக ஒரு காரணம் கிடைக்கும்.

டிக்கெட் விலைதான் இப்போது பெரிய குறை. அணி ஜெயிக்கத் தொடங்கியதும் விலையும் ஏறிவிட்டது. பழைய ரசிகர்கள் பலருக்கே எட்டவில்லை. குடும்பத்தோடு போக விரும்பினால் ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களைப் பாருங்கள். பெரிய வீரர்கள் கொஞ்ச நேரம்தான் ஆடுவார்கள், ஆனால் டிக்கெட் மலிவு. அதே மைதானம், அதே சத்தம். அணியில் இடம்பிடிக்கத் துடிக்கும் இளைஞர்கள் முழு மூச்சாக ஆடுவார்கள், பிள்ளைகளுக்கு விதி சொல்லிக்கொடுக்கவும் நேரம் இருக்கும். அதற்கும் முன்னால், ஜூலை கடைசியில் ஆலன் பார்க்கில் பயிற்சி முகாம் தொடங்கும்போது சில நாட்கள் ரசிகர்களை உள்ளே விடுவதுண்டு. தேதிகள் அணியின் இணையதளத்தில் வரும், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.