ஸ்வீடன்–நார்வே வணிகம்: திறந்த எல்லை என்று நம்பிச் செய்யும் தவறுகள்

ஸ்வினெசுண்ட் பாலத்தில் காரில் போகிறவர் நிற்காமலே ஸ்வீடனிலிருந்து நார்வேக்குள் நுழைந்துவிடலாம்; பொதுவாகப் பாஸ்போர்ட் கேட்பாரில்லை. பின்னால் வரும் சரக்கு லாரிக்கு அந்த வசதி கிடையாது. ஸ்வீடன் 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நார்வே மக்கள் 1994 வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் நார்வேயைப் பொதுச் சந்தைக்குள் கொண்டுவந்ததே தவிர, சுங்க ஒன்றியத்துக்குள்ளோ வாட் எல்லைக்குள்ளோ கொண்டுவரவில்லை. எனவே ஒன்றியத்தில் உள்ள டென்மார்க்குக்கு அனுப்புவது போலவே நார்வேக்கும் இன்வாய்ஸ் போட்டு அனுப்பினால் சிக்கல்தான். இது ஏற்றுமதி: ஸ்வீடனில் ஏற்றுமதி அறிக்கை, நார்வேயில் இறக்குமதி அறிக்கை, இரண்டும் வேண்டும். 1959 ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் சுங்க அலுவலகமே இரு நாட்டு வேலையையும் முடிக்கலாம் என்பதால் பொதுவாக ஒரு முறை நின்றால் போதும்.

அதிகம் பணம் போகிற தவறு, பொருள் எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் எங்கே உருவானது என்பதையும் குழப்பிக்கொள்வது. தொழிற்சாலைப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு நார்வேயில் தீர்வை இல்லை. பல ஆடை வகைகளுக்கு மட்டும் 10.7% உண்டு. தோற்ற விதிகளின்படி ஸ்வீடனில் உருவானதாகத் தகுதி பெறும் ஆடைக்கு அது விலக்கு. சீனாவில் தைத்து, ஸ்வீடனின் போரோஸ் நகரக் கிடங்கில் வைத்திருந்த ஜாக்கெட்டுக்கு விலக்கு இல்லை. போக்குவரத்துச் செலவோடு 80,000 நார்வே குரோனர் மதிப்புள்ள சரக்கு என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 8,560. இரண்டும் சேர்ந்த 88,560க்கு 25% வாட், அதாவது 22,140. வாட் பதிவுள்ள வாங்குபவர் இந்த 22,140ஐத் தன் வரிக்கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்வார். 2017 முதல் எல்லையில் கட்டவும் வேண்டாம். தீர்வை போனது போனதுதான். அதிலும் அந்த ஜாக்கெட் ஒன்றியத்துக்குள் வந்தபோதே ஒரு முறை தீர்வை கட்டியாயிற்று. நார்வேக்கென்று ஒதுக்கிய பங்கை ஸ்வீடனில் விடுவிக்காமல் சுங்கக் கிடங்கில் வைத்து, இடைவழிச் சரக்காக அனுப்பினால் இரட்டைத் தீர்வை மிச்சம்.

உண்மையிலேயே ஸ்வீடனில் உருவான பொருளாக இருந்தாலும் இன்வாய்ஸில் ‘ஸ்வீடனில் தயாரிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் சலுகை கிடைத்துவிடாது. ஒப்பந்தத்தில் உள்ள தோற்ற அறிவிப்பு வாசகத்தை எழுத்து மாறாமல் போட வேண்டும். 6,000 யூரோ வரையிலான சரக்குக்கு எந்த ஏற்றுமதியாளரும் அதை எழுதலாம். அதற்கு மேல் போனால் பொருளின் தோற்றத்தைச் சான்றளிக்கும் ஈயூஆர்.1 சான்றிதழ் வேண்டும், அல்லது சுங்கத்துறை அங்கீகரித்த ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும்.

உணவுப் பொருள் என்றால் முதலில் தீர்வை அட்டவணையைப் பாருங்கள், விலை பேசுவது அப்புறம். வேளாண் பொருள்கள் பெரும்பாலும் தடையற்ற வணிகத்துக்கு வெளியேதான். சில கெட்டிப் பாலாடைக்கட்டிகளுக்கு ஒதுக்கீட்டைத் தாண்டினால் நார்வே 2013 முதல் 277% தீர்வை போடுகிறது. எதிர்த்திசையிலும் உண்டு: நார்வேயின் முழு சால்மன் ஒன்றியத்துக்குள் வர 2%, புகையூட்டியது என்றால் 13%. மீனைப் பதப்படுத்தும் வேலை நார்வேக்கு வெளியே நகர்ந்ததில் இந்த வித்தியாசத்துக்கும் பங்குண்டு.

இணையக் கடைக்காரர்கள் சறுக்கும் இடம் வேறு. நார்வேயில் தனிநபருக்கு விற்கும்போது ஒரு பொருள் 3,000 குரோனருக்குள் இருந்தால், 2020 ஏப்ரலில் வந்த வோயெக் திட்டத்தில் பதிந்து விற்பவரே வாட் வசூலித்துக் கட்டலாம். வரம்பைப் பார்ப்பது பொருளுக்குப் பொருள். மொத்த ஆர்டர் தொகையை வைத்து அல்ல. உணவு இதில் சேராது. 350 குரோனருக்குள் இருந்தால் வாட் இல்லை என்ற பழைய விலக்கை நம்பி இன்னும் விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. 2024 ஜனவரியோடு, கடைசியாக எஞ்சியிருந்த விலக்கும் போய்விட்டது.

விலை நிபந்தனையில் ‘டிடிபி’ (வரிகளையும் விற்பவரே கட்டி ஒப்படைப்பது) என்று தாராளமாக எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படி எழுதினால் நார்வேயில் இறக்குமதி வரியும் விற்பவர் தலையில்தான். அங்கே பதிவு இல்லாமல் அதைக் கழிக்கவும் முடியாது. ‘எக்ஸ்வொர்க்ஸ்’ (விற்பவர் வாசலிலேயே ஒப்படைப்பது) நேர்மாறான ஆபத்து: வாங்குபவர் லாரி வந்து ஏற்றிப் போய்விடும், ஏற்றுமதி ஆதாரம் உங்கள் கையில் இருக்காது, ஸ்வீடன் வரித்துறை 25% வாட் கேட்கும். ‘டிஏபி ஆஸ்லோ’ (ஆஸ்லோ வரை விற்பவர் கொண்டுவந்து தருவார், இறக்குமதி வரி வாங்குபவருடையது) என்று இடத்தோடு எழுதுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. இன்வாய்ஸில் வெறும் ‘குரோனர்’ என்று போடுவதும் வேண்டாம். இரு நாட்டுப் பணமும் அதே பெயர், அதே சுருக்கம், மதிப்பு மட்டும் வேறு. எஸ்இகே (ஸ்வீடன்), என்ஓகே (நார்வே) என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள்.

சேவைக்குச் சுங்கம் இல்லை, ஆனால் வாட் உண்டு. ஸ்வீடன் ஆலோசகர் நார்வே நிறுவனத்துக்கு வாட் இல்லாமல் இன்வாய்ஸ் போடுவார், வாங்குபவர் அங்கே கணக்குக் காட்டுவார். அதுவரை சரி. பிறகு அதே தொகையை ஒன்றிய நாடுகளுக்கான விற்பனைத் தொகுப்பு அறிக்கையிலும் எழுதிவிடுகிறார்கள். நார்வே அதில் வராது. வாங்குபவரின் எண்ணையும் ஒன்றியத்தின் வாட் சரிபார்ப்புத் தளத்தில் தேடிப் பயனில்லை. ஒன்பது இலக்கமும் ‘எம்விஏ’ என்ற எழுத்துகளும் கொண்ட அந்த எண்ணை நார்வேயின் ப்ரோன்னோய்சுண்ட் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

கட்டட வேலை இந்த விதிக்குள் அடங்காது. கட்டடம் நிற்கும் நாட்டின் வாட்தான். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரத் தச்சு நிறுவனம் ஆஸ்லோவில் சமையலறை மாட்டினால், 12 மாதத்தில் 50,000 நார்வே குரோனரைத் தாண்டியதும் அங்கே வாட் பதிவு வேண்டும். வேலை தொடங்கிய 14 நாளுக்குள் ஒப்பந்தத்தையும் ஆள்களையும் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் பாதுகாப்பு அட்டையும் ஸ்வீடனின் ஏ1 சமூகக் காப்புச் சான்றும் இருக்க வேண்டும். வேனில் இருக்கும் ரம்பமும் ட்ரில்லும் திரும்பி வரும் கருவிகள். தற்காலிக இறக்குமதி என்று போகலாம். அங்கேயே பொருத்திவிடும் பலகையும் கீலும் அப்படியல்ல, அவை இறக்குமதிச் சரக்கு, அறிக்கை கொடுத்தாக வேண்டும். நார்வே நிறுவனம் ஸ்வீடனில் வேலைக்குப் போகுமுன் எஃப்-வரி அங்கீகாரம் (தன் வரியைத் தானே கட்டும் நிறுவனம் என்ற பதிவு) வாங்கிக்கொள்ளட்டும். அது இல்லையென்றால் 2021 முதல் வேலை கொடுத்தவர் கூலித் தொகையில் 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்.