மாமா விற்ற பாலிசியும் சில வரித் தவறுகளும்

கீழமாசி வீதியிலும் விளக்குத்தூண் பக்கமும் உள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வரி விஷயத்தில் நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய கூத்தையே புதிதாகக் கடை போட்டவர்களும் பண்ணுகிறார்கள். பில்லைத் தொலைப்பது, கடைசி நாளில் ஓடி வருவது எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

வரிக்காகப் பாலிசி எடுப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மார்ச் கடைசி வாரம், பாத்திரக்கடைத் தம்பி ஒருவர் புதுப் பாலிசிப் பத்திரத்தோடு வந்தார். இருபது வருடம், வருடத்துக்கு 1 லட்சம். "வரி மிச்சம்ணே, மாமாதான் ஏஜென்ட்." அவர் லாபம் 9 லட்சம். 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே வராது. பாலிசி மாதிரி சேமிப்புக்குக் கட்டியதை வருமானத்தில் கழிக்க விடும் 80சி கழிவும் அங்கே கிடையாது. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

"அப்ப பழைய முறைக்கு மாத்திருங்கண்ணே, கட்டுன காசு வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார். போட்டுக் காட்டினேன். 9 லட்சத்தில் 1 லட்சம் கழித்தால் 8 லட்சம். வரி 72,500, 4 சதவீத செஸ் சேர்த்து 75,400 ரூபாய். கால்குலேட்டரை வாங்கித் தானே ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

தொழில் வருமானம் உள்ளவருக்கு இன்னொரு கொக்கியும் உண்டு. பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், தொழில் நடக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். தம்பிக்கு நாள் இருந்தது, மாமாவிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. குடும்பத்துக்குக் காப்பு வேண்டுமா, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி எடுங்கள். முதலீட்டைத் தனியாக வையுங்கள்.

க்யூஆர் அட்டையை ஒளிப்பது

ஜிபேயில் வாங்கினால் வரி கூடும் என்று பயம். உண்மை நேர்மாறு. உத்தேச லாப முறையில், அதாவது விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறையில் போகும் சில்லறைக் கடைக்காரர், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்ததற்கு 6 போதும். 60 லட்சம் விற்பனைக்கு 4.8 லட்சம் எங்கே, 3.6 லட்சம் எங்கே! நிஜ லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும், அது வேறு.

ரொக்கமாகக் கொடுப்பது

கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. லாரி வாடகைக்கு 35,000 வரை.

மனைவி பெயரில் டெபாசிட்

பணம் உங்களுடையது என்றால் வட்டியும் உங்கள் வருமானம்தான்.

பங்கு விற்ற லாபம்

அந்த 12 லட்சத் தள்ளுபடி இதற்குப் பொருந்தாது.

முன்வரி

வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டிய வரி இது. உத்தேச முறைக்காரர்களுக்குக் கடைசி நாள் மார்ச் 15.