வரைபடத்தில் வட்டம் போடாதீர்கள்: சுற்றுச்சூழல் நீதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கம் நாலைந்து பேர் புதிதாக வேலைக்கு வருகிறார்கள். திட்டமிடல் படித்தவர்கள், சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்கள், சமூகப்பணி படித்தவர்கள். மாசுக் கட்டுப்பாடு, ஊரக வளர்ச்சி, நகர் ஊரமைப்பு, பழங்குடியினர் நலம் என்று மாநில அரசில் எந்தத் துறைக்குக் கீழே உட்கார்ந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு தொழிலின் கழிவு யார் தலையில் விழுகிறது, அதைச் சரிசெய்ய வரும் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து, இரண்டும் ஒரே ஊராக இருக்கும்படி திட்டம் போடுவது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் சேலத்தில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள்.

கோப்பில் தேதி மாறிப்போவது, கடித நகல் அனுப்ப மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. கண்காணிப்பாளர் ஒருமுறை சத்தம் போட்டால் அது சரியாகிவிடும்.

காலை 11 மணிக்குக் கூட்டம் வைப்பது

11 மணி யாருக்கு வசதி? நமக்கு. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் எஸ்டேட்டுக்குப் போகிற பெண் நம் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆனால் இத்தனை பேர் வந்தால்தான் தொடங்கலாம் என்ற குறைவெண் வரம்பு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். வன உரிமைச் சட்டத்தின் கீழ் கூடும் கிராம சபை அப்படி இல்லை. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். முதல் வகைக் கூட்டத்தை நடத்திப் பழகியவர்கள் இரண்டாவதையும் அதே கணக்கில் நடத்திவிட்டு, பிறகு தீர்மானம் செல்லாது என்றதும் விழிக்கிறார்கள். எதுவானாலும் சாயங்காலம் 6 மணிக்கு மேல், ஊருக்குள்ளேயே வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் இருட்டில் இறங்க வேண்டுமே என்று ஜீப் டிரைவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

ஊர்க்கவுண்டரோடு பேசிவிட்டுத் திரும்புவது

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்குப் போனால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்க்காமல் வரக் கூடாது. பாருங்கள், மோர் கொடுத்தால் குடியுங்கள், அப்புறம் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஊற்று எந்த மாதம் வற்றுகிறது என்பது குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

வட்டம்

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து, ஆலை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, 5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் இழுத்து, அதற்குள் விழும் ஊர்களின் பெயரையும் 2011 மக்கள்தொகையையும் இறக்கி, மேலே ‘பாதிப்புக்குள்ளாகும் பகுதி’ என்று தலைப்புக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் பாதி அறிக்கை முடிந்துவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும். தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் 10 கிலோமீட்டர் ஆரத்தை ஆய்வுப் பகுதியாக எடுப்பது வழக்கம் என்பதால் மேலே இருப்பவர்களும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் சாயத்தண்ணீர் வட்டமாகப் பரவாது, பள்ளம் பார்த்து ஓடும்.

திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலைச்சரிவில் தொடங்கி, சேலத்துக்குள் நுழைந்து, ஊர்ச் சாக்கடையையும் சாயக்கழிவையும் வாங்கிக்கொண்டு, உத்தமசோழபுரம், ஆட்டையாம்பட்டி பக்கமாக இறங்கி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. நகரத்துக்குள் ஒரு சாயப்பட்டறையை நடுவில் வைத்து வட்டம் போட்டால், மேட்டில் இருக்கிற, மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வருகிற தெருக்களெல்லாம் உள்ளே வந்துவிடும். ஆற்றோரம் கிணற்றை நம்பிப் பிழைக்கிற ஊர் எட்டாவது கிலோமீட்டரில் இருந்தால் அது வெளியே.

ஒரு குடிநீர்த் திட்டத்தில் இப்படியே நடந்தது. கோட்டுக்கு வெளியே விழுந்த ஊரில் ஒரு விவசாயி கிணற்று மோட்டாரைப் போட்டுக் காட்டினார். முதலில் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. எங்களோடு வந்த பையன், “நல்லாத்தானே சார் இருக்கு” என்றான். “செத்த இருங்க தம்பி” என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் தொட்டியின் மூலையில் வெள்ளையாக நுரை கட்டி ஒதுங்கியது. வாய்க்கால் ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து தொட்டியருகே விட்டார். அது மூக்கை மட்டும் கொண்டுபோய்விட்டுத் திரும்பிக்கொண்டது. அந்த ஊர் பட்டியலில் இல்லை. ஏற்கனவே காவிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்த, மேட்டில் இருக்கிற ஓர் ஊருக்குச் சுத்திகரிப்பு இயந்திரம் போனது. கொஞ்ச நாளில் அந்த அறை பூட்டப்பட்டு, வாசலில் யாரோ சோளத்தட்டு அடுக்கியிருந்தார்கள்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது எங்கே என்றால், அறிக்கையின் கடைசியில் ‘இணைப்பு 1’ என்று ஒட்டுகிறோமே அந்த ஊர்ப் பட்டியல், அது அதோடு நிற்பதில்லை. அடுத்து நீர் மாதிரி எடுக்க வருகிறவர் அதே பட்டியலைக் கேட்பார். மருத்துவ முகாம் போடுகிறவர் அதையே கேட்பார். இழப்பீடு என்று பேச்சு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான். விட்டுப்போன ஊரைச் சேர்க்க வேண்டுமானால் புது முன்மொழிவு, திருத்திய நிர்வாக ஒப்புதல், அதற்குள் கலெக்டர் மாறியிருப்பார், கோப்பு மறுபடியும் கீழேயிருந்து கிளம்பும். ஏன் சார் இந்த ஊர் இல்லை என்று கேட்டால் ‘அங்கே பாதிப்பு இருப்பதாகத் தரவு இல்லையே’ என்பார்கள். எப்படி இருக்கும்? பட்டியலில் இல்லாத ஊருக்கு யார் பாட்டில் எடுத்துக்கொண்டு போனார்கள்!

மலையில் இது இன்னும் மோசம். ஏற்காட்டில் ஒரு விடுதியின் கழிவுநீருக்கோ குப்பை கொட்டும் இடத்துக்கோ திட்டம் போடும்போது, சேர்வராயன் மலைத் தண்ணீர் ஒரே பக்கம் இறங்குவதில்லை என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. ஒரு சரிவு திருமணிமுத்தாற்றுக்கு, ஒரு சரிவு ஓமலூர், எடப்பாடி வழியாகப் போகும் சரபங்காவுக்கு, வடக்கே இறங்குவது வாணியாற்றுக்கு. வாணியாறு அணை இருப்பது தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். ஏற்காடு ஏரியில் வழிகிற தண்ணீர் கிளியூர் அருவிக்குப் போகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்துக் கழிவு வேறு மாவட்டத்துக்கே போய்விடும், நாமோ சேலம் மாவட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போதாக்குறைக்கு, சென்சஸ் கணக்கு வருவாய்க் கிராமத்துக்குத்தான். அதற்குள் சிதறிக் கிடக்கிற குக்கிராமங்களும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் வரைபடத்தில் தனியாகத் தெரியாது.

சரி, என்ன செய்வது? கழிவு வெளியேறும் வாயிலிருந்து நடங்கள். ஓடை எந்த ஏரியில் சேர்கிறது, ஏரி நிரம்பினால் உபரி எந்த வாய்க்காலில் அடுத்த ஏரிக்குப் போகிறது என்று கூடவே போங்கள். எந்தத் தோப்பில் தென்னை காய்ப்பது நின்றுபோனது, எந்தக் கிணற்றில் மாடு வாய் வைப்பதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வந்து கோடு போடுங்கள். நீளமாக, கோணல்மாணலாக வரும், பவர்பாயிண்டில் நன்றாக இருக்காது, பரவாயில்லை. தூசிக்கும் புகைக்கும் இதே கதைதான்: ஆடிக் காற்று ஒரு திசை, மார்கழிக் காற்று வேறு திசை. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளைப் பக்கம் குடியிருந்தவர்களைக் கேட்டால் எந்த மாதம் எந்தத் தெருவில் துணி காயப்போட முடியாது என்று சொல்வார்கள்.

கிழங்கு வராத மாதத்தில் மாதிரி எடுப்பது

ஜவ்வரிசி ஆலை வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. மரவள்ளி வரத்து இருக்கும்போது இரவு பகலாக அரவை நடக்கும், ஓடையில் புளித்த நாற்றம் எழும், திப்பி, அதாவது அரைத்த கிழங்கின் சக்கை, காய்கிற களத்தை மூக்கைப் பிடிக்காமல் தாண்ட முடியாது. நம் நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. புது ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆய்வகத்தார் வண்டி அனுப்பும்போது ஆலையில் வரத்து ஓய்ந்து காவலாளி மட்டும் இருப்பார். ‘வரம்புக்குள் உள்ளது’ என்று முடிவு வரும். ஒப்பந்தத்தில் மாதத்தை எழுதிவிடுங்கள். சாயக்கழிவுக்கு மழை பெய்த மறுநாள் காலை போக வேண்டும், ஏனென்றால் தேக்கி வைத்திருப்பவர்கள் மழை இரவில்தான் திறந்துவிடுவார்கள். மாதிரி எடுக்கும் பாட்டில் ஜீப்பிலேயே இருக்கட்டும்.

போட்டோ

கறுத்த தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டச் சொல்லி யாரையும் நிறுத்தாதீர்கள்.

‘எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை’

இந்த வாக்கியத்தை மினிட்ஸில் எழுதவே எழுதாதீர்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்பவர்களாக இருப்பார்கள், சிலர் ஆலைக்கு இடம் வாடகைக்கு விட்டவர்கள், சிலருக்கு மைக்கைப் பார்த்தாலே பயம். யார் பேசினார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள். கூட்ட முடிவில் பதிவு செய்ததை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்த 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. பந்தல்காரர் நாற்காலியை அடுக்க ஆரம்பித்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

‘மூடிவிடலாம்’ என்று பரிந்துரைப்பது

இளரத்தத்துக்கு இந்த வார்த்தை மேல் ஒரு ஆசை. சாயப்பட்டறையில் நூல் அலசுகிறவரின் கை முழங்கை வரை நீலமாக இருக்கும், அவர் வீடும் அதே ஓடைக்கரையில்தான் இருக்கும். மூடினால் அன்றைக்கே கூலி போவது அவருக்கு. பட்டறை ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு சந்துக்குப் போய்விடும், அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சிறு பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடம், அவர்கள் கட்டக்கூடிய அளவில் கட்டணம், வேலை நின்றிருக்கும் மாதங்களுக்குக் கூலி என்று மூன்றுக்கும் தலைப்பு வாரியாகப் பணம் காட்டிவிட்டு அப்புறம் பரிந்துரை எழுதுங்கள். காட்டாமல் எழுதினால் நிதித்துறை ‘மூடலாம்’ என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதற்குத்தான் செலவே இல்லையே.