உரமும் காட்டுப்பன்றியும் மக்களவைக்குப் போக: எம்.பி.க்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் முறை

"விவசாயம் கட்டுப்படியாகவில்லை, நடவடிக்கை எடுங்கள்" என்று மனு கொடுத்தால் எம்.பி. வாங்கிக்கொள்வார், போட்டோவும் எடுப்பார்கள். ஆனால் அந்த மனுவை வைத்து மக்களவையில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. எந்த அமைச்சகம், எந்த ஆண்டு, என்ன விவரம் என்று எதுவும் அதில் இருக்காது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் இருவரும் எம்.பி.யின் உதவியாளரும் ஒரு மாலை உட்கார்ந்தால் அதே குறையை நான்கைந்து கேள்விகளாகப் பிரித்துவிடலாம்.

முதலில் அமைச்சகம். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். விவசாயச் செலவு என்றாலே வேளாண் அமைச்சருக்கு எழுதிவிடுகிறார்கள். ஆதரவு விலை, பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் வரைக்கும் அது சரி. உரம் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. டீசல் விலை பெட்ரோலியத் துறைக்கும், பூச்சிமருந்து, டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. நிதி அமைச்சகத்துக்கும் போகும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17% ஈரப்பதம் என்ற வரம்பையும் கரும்பு விலையையும் உணவு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். மாட்டுத் தீவனம் என்றால் கால்நடை அமைச்சகம். 2019 முதல் அது தனி. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். அமைச்சகத்தைத் தவறாகப் போட்டால் நாளும் தவறும்.

அடுத்தது தேதி. அமர்வு நாளுக்கு முன்னால் முழுதாக 15 நாட்கள் இடைவெளி வேண்டும். கொடுக்கும் நாளும் அமர்வு நாளும் கணக்கில் வராது. 20-ஆம் தேதி அமர்வு என்றால் 4-ஆம் தேதிக்குள் கேள்வி போயிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் 5 கேள்விகள் வரை கொடுக்கலாம். முன்னுரிமை குலுக்கலில்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20 மட்டுமே பட்டியலில் வரும். அவற்றிலும் கேள்வி நேரத்தின் ஒரு மணிக்குள் அமைச்சர் வாய்திறந்து பதில் சொல்வது ஒரு சிலவற்றுக்குத்தான். குறியற்றவை 230, அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். புள்ளிவிவரம்தான் தேவை என்றால் குறியற்ற கேள்வியே போதும். 'நட்சத்திரக் கேள்வி கேட்டார்' என்ற பெருமைக்காக ஐந்தையும் குலுக்கலில் தள்ளிவிட்டுக் காத்திருப்பது வீண்.

கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்பது எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் நிற்கும் விஷயமும் கூடாது. ஏற்கனவே பதில் சொன்னதைத் திரும்பக் கேட்டாலும், அச்சில் வந்து எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய விவரத்தைக் கேட்டாலும் தள்ளிவிடலாம். ஆகவே எழுதுமுன் மக்களவை இணையதளத்தில் அதே பொருளில் வந்த பழைய பதில்களைத் தேடிப் படியுங்கள். 'உரக்கடைகளின் கொள்ளையை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?' என்பது தேறாது. இப்படி எழுதினால் தேறும்:

"(அ) யூரியா, டி.ஏ.பி. வாங்கும் விவசாயிகளை வேறு பொருட்களையும் சேர்த்து வாங்கக் கட்டாயப்படுத்துவதாகக் கடந்த மூன்று ஆண்டுகளில் அரசுக்கு வந்த புகார்கள் எத்தனை, மாநில வாரியாக விவரம் என்ன. (ஆ) 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ரத்தான விற்பனை உரிமங்கள் எத்தனை. (இ) அப்பொருட்களைக் கடைகள் மீது திணிக்கும் உற்பத்தி நிறுவனங்கள், மொத்த வியாபாரிகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?"

இதில் (இ) முக்கியம். கடைக்காரரைக் கேட்டால் 'மேலே இருந்து சேர்த்தே அனுப்புகிறார்கள்' என்பார். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பது காகிதத்தில் மாறாமல் இருக்கும். மூட்டையோடு தலையில் கட்டும் வேறு பொருளின் விலை எந்தக் கணக்கிலும் வராது. மனுவோடு அப்படிச் சேர்த்து வாங்கிய ரசீதுகளின் நகலையும் கொடுங்கள்.

ஆதரவு விலைக் கேள்விக்குச் செலவுக் கணக்கின் வகைகள் தெரிந்திருக்க வேண்டும். ஏ2 என்பது கையை விட்டுப் போன செலவு: விதை, உரம், கூலி, டீசல், குத்தகை. அதோடு குடும்பத்தாரின் உழைப்புக்கு மதிப்புப் போட்டால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டின் வட்டியையும் சேர்த்தால் சி2. 2025-26-இல் சாதாரண நெல்லுக்கு அரசு போட்ட செலவு குவிண்டாலுக்கு ₹1,579, அறிவித்த விலை ₹2,369. கச்சிதமாக ஒன்றரை மடங்கு, ஆனால் ஏ2+எஃப்.எல். மீது. 'செலவுக்கு மேல் 50% தருகிறீர்களா?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆம், தருகிறோம்' என்ற பதில் வரும். அதில் பொய்யும் இருக்காது. கேள்வியும் அங்கேயே செத்துவிடும்.

'நெல்லுக்கு சி2 எவ்வளவு?' என்று கேட்பதிலும் பயனில்லை. வேளாண் செலவு மற்றும் விலை ஆணையத்தின் அறிக்கையிலேயே அது இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு. இந்தச் செலவு அகில இந்திய சராசரி. மாநிலங்களில் எடுத்த முந்தைய ஆண்டுகளின் கள விவரத்தை வைத்து முன்கணிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைச் சேகரிப்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். எத்தனை பண்ணைகளில் எடுத்தார்கள், அறுவடை இயந்திர வாடகை என்னவென்று பதிவானது, நாட்டுச் சராசரியைவிடச் செலவு கூடிய மாநிலத்துக்கு என்ன ஈடு என்று கேளுங்கள். பக்கத்திலேயே உங்கள் ஊரில் ஏக்கருக்கு ஆன செலவைக் குவிண்டால் கணக்குக்கு மாற்றி வைத்திருங்கள். ஏக்கர் கணக்கும் குவிண்டால் கணக்கும் கலந்துவிட்டால் துணைக் கேள்வியில் (நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்னதும் அவையில் தொடர்ந்து கேட்பது) எம்.பி. திணறுவார்.

இனி ஊர்ப் பாதுகாப்பு. மோட்டார் ஒயர், டிரான்ஸ்பார்மர் காப்பர் திருட்டு எல்லா ஊரிலும் இருக்கும் தலைவலி. ஆனால் காவல்துறை மாநிலப் பட்டியலில் வருவதால் 'என்ன நடவடிக்கை?' என்று மக்களவையில் கேட்டால் நிராகரிப்புதான். அந்தக் கேள்வி எம்.எல்.ஏ. கையில் சட்டமன்றத்துக்குப் போகட்டும். மத்திய உள்துறையிடம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தேசிய குற்ற ஆவணக் காப்பகம் விவசாய மோட்டார், ஒயர் திருட்டைத் தனியாகத் தொகுக்கிறதா, இல்லையென்றால் தொகுக்கும் திட்டம் உண்டா?

வன விலங்கு விஷயம் அப்படியல்ல, அது மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உரிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்கு விலங்கு' (வேட்டையாடத் தடையில்லாதது) என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்குத்தான். காட்டுப்பன்றியை அப்படி அறிவிக்கக் கேரளம் பலமுறை கேட்டது. வந்த பதில்: '11-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரே வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாமே.' உங்கள் கேள்விக்கும் இதேதான் வரும், எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆகவே துணைக் கேள்வியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 2015-16-இல் பீகாருக்கும் உத்தரகண்டுக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில் 62-ஆம் பிரிவில் அறிவிப்பு வந்ததே, அப்போது என்ன அளவுகோல், இப்போது என்ன அளவுகோல்? அதற்கு '11-ஆம் பிரிவு இருக்கிறது' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. விலங்கு தாக்கி உயிரிழந்தவர் குடும்பத்துக்கான தொகை 2023 டிசம்பரில் ₹10 லட்சமாக உயர்ந்தது. அதில் மத்திய நிதி எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எத்தனை விண்ணப்பம் நிலுவை என்று மாநில வாரியாகக் கேட்கலாம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்ற முடிவு 2025 ஜனவரியில் வந்தது. அதன் நடைமுறையைக் கேட்க வேண்டிய இடம் சென்னை.

கேள்வி குலுக்கலில் விழாவிட்டால் மக்களவை நடைமுறை விதிகளில் விதி 377 இருக்கிறது. 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்க வேண்டும், அமைச்சகம் பின்னால் கடிதத்தில் பதில் அனுப்பும். தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது) நம்பி உட்கார வேண்டாம். 2018-இல் மகாராஷ்டிர எம்.பி. ராஜு ஷெட்டி ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு மசோதா கொண்டுவந்தார். பேச்சுக்கு வலு சேர்த்தது, சட்டமாகவில்லை. நாடாளுமன்ற வரலாற்றில் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் 14, கடைசியாக 1970-இல். அதைவிட நாடாளுமன்றத்தின் வேளாண் நிலைக்குழுவுக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். 2024 டிசம்பரில் அந்தக் குழு ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும், பி.எம். கிசான் ₹6,000-த்தை ₹12,000 ஆக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசை அது கட்டுப்படுத்தாது, ஆனால் அடுத்த கேள்விக்கு அடிக்கல் ஆகும்.

பதில் வந்த அன்று அதில் ஒரு வாசகத்தைத் தேடுங்கள்: 'விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன, அவையில் வைக்கப்படும்.' கைவிரித்ததாக நினைத்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். விதிப்படி அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. கேள்வி எண், தேதி, அந்த வாசகம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, மூன்று மாதம் முடிந்த மறுநாள் எம்.பி. பெயரில் அந்தக் குழுவுக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள்.