பட்டைக்கு அடியில் வாழும் வண்டை இனங்காண்பது எப்படி

காய்ந்துபோன மாமரத்தின் பட்டையை உரித்துப் பார்த்து, உள்ளே வண்டுகளையும் புழுக்களையும் கண்டவுடன், மரத்தைக் கொன்றவை இவைதாம் என்று முடிவு கட்டி மருந்துக் கடைக்குப் போவது பலரது வழக்கம். அந்த முடிவு பெரும்பாலும் அவசரமானது. பட்டைக்கு அடியில் வாழும் வண்டினங்களில் நல்ல உடல்நிலையில் உள்ள மரத்தைத் தாக்குபவை சிலவே. மற்றவை ஏற்கெனவே நலிந்த அல்லது செத்த மரத்தைத் தேடி வருபவை, அங்கு வளரும் பூஞ்சையை உண்பவை, அல்லது துளைப்பான்களையே வேட்டையாடி உண்பவை. ஆகவே கையில் கிடைத்தது எந்தக் குடும்பத்து வண்டு என்பதை அறிந்த பிறகே அடுத்த வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் துளை, அடுத்து குடைபாதை, பிறகு புழு, கடைசியில்தான் வண்டு. வண்டு பறந்து போய்விட்ட பிறகும் குடைபாதை மரத்தில் அப்படியே இருக்கும். வண்டைவிடத் தெளிவாக அதுவே குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குத் தேவையான கருவிகள் எளியவை. கூரான கத்தி, சிறிய உளி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், மெல்லிய தூரிகை, 70 முதல் 80 சதவீத எத்தனால் ஊற்றிய சிறு குப்பிகள், பென்சில், காகிதத் துண்டுகள் ஆகியவை போதும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும் என்பதால், மரத்தின் பெயர், இடம், தேதி, தரையிலிருந்து துளை இருந்த உயரம், கிளை உயிரோடு இருந்ததா இல்லையா ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். எந்த மரத்தில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாத வண்டு, ஆய்வாளருக்குப் பாதி பயன்தான் தரும்.

பட்டையை வெட்டுவதற்கு முன் வெளியே உள்ள துளைகளை அளந்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலத்தில், துளைக்கருவியால் போட்டதுபோல் சீரான வட்டத் துளைகள் இருந்தால் அவை பட்டை வண்டு அல்லது பூஞ்சை வளர்க்கும் வண்டின் வேலையாக இருக்கலாம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும், அரைவட்டத்தை நினைவூட்டும் துளை பொன்வண்டுக் குடும்பத்தின் அடையாளம். விரல் நுழையும் அளவுக்குப் பெரிய, வட்டமான அல்லது நீள்வட்டமான துளை நீள்கொம்பு வண்டுகளைச் சேர்ந்தது. துளையிலிருந்து உதிரும் தூளையும் கவனியுங்கள். செம்பழுப்புத் தூள் பட்டையைத் தின்பவற்றிடமிருந்தும், வெளிறிய மரத்தூள் கட்டைக்குள் துளைப்பவற்றிடமிருந்தும் வரும். மாவுபோல் நைந்த பொடி காய்ந்த மரத்திலிருந்தோ மூங்கிலிலிருந்தோ கொட்டினால், அது பெரும்பாலும் பாஸ்ட்ரிக்கிடே குடும்பத்து வண்டு. அது உயிருள்ள மரத்துக்கான பகை அன்று.

அடுத்து, பட்டையை மெதுவாக, பெரிய துண்டாக உரித்தெடுங்கள். உள்பட்டையாகிய ஃபுளோயத்துக்கும் கட்டைக்கும் இடையே, இரு பரப்பிலும் பதிந்தாற்போல் குடைபாதைகள் விரிந்திருந்தால், அது உண்மையான பட்டை வண்டு. தாய் வண்டு தோண்டும் முட்டைப்பாதை எங்கும் ஒரே அகலமாக இருக்கும். அதன் இரு பக்கமும் பிரியும் புழுப்பாதைகள், புழு வளர வளர அகன்றுகொண்டே போய், கூட்டுப்புழு அறையில் முடியும். ஐரோப்பாவின் ஸ்புரூஸ் காடுகளைத் தாக்கும் இப்ஸ் டைபோகிராபஸ் இனத்தில் ஆண் வண்டே முதலில் பட்டையைத் துளைத்து ஓர் இணைச்சேர்க்கை அறையைத் தோண்டுகிறது. அங்கு வந்து சேரும் ஒன்று முதல் நான்கு பெண் வண்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென மரத்தின் நீளவாக்கில் ஒரு பாதை அமைக்கின்றன. ஆகவே ஓர் அறையிலிருந்து எத்தனை முட்டைப்பாதைகள் கிளம்புகின்றன என்று எண்ணினாலே, அந்த ஆணுடன் எத்தனை பெண்கள் சேர்ந்தன என்பது தெரிந்துவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் பெருகத் தொடங்கி ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்த மலைப் பைன் வண்டு இதற்கு மாறானது. அதில் பெண்ணே துளையைத் தொடங்குகிறது. ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண் என்பதால் நீண்ட ஒற்றைப் பாதையே தோன்றுகிறது.

பட்டைக்கு அடியில் எந்தக் கோலமும் இன்றி, துளை நேராகச் சாற்றுக்கட்டைக்குள், அதாவது பட்டையை அடுத்துள்ள வெளிக்கட்டைக்குள் போனால், நீங்கள் பார்ப்பது பூஞ்சை வளர்க்கும் ஆம்புரோசியா வண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களில் ‘ஷாட் ஹோல் போரர்’ என்று அழைக்கப்படும் துளைப்பான் இவ்வகையைச் சேர்ந்தது. தாக்கப்பட்ட கிளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். பென்சில் முனை அளவேயான பாதைகளின் சுவர் கறுத்துப் போயிருக்கும். ஆனால் உள்ளே மரத்தூள் அடைந்திருக்காது. ஏனெனில் இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு தன் வாய்ப்பகுதியில் உள்ள நுண்ணிய பைகளில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, தோண்டிய சுவரில் அவற்றை வளர்க்கிறது; புழுக்கள் தாயின் பாதையிலேயே தங்கி அந்தப் பூஞ்சையை உண்டு வளர்கின்றன. கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கின்றன. ஆண்கள் சிலவே, உருவில் சிறியவை, பறக்க இயலாதவை. உடன்பிறந்த ஆணோடு கூடிய பின், பெண் வண்டுகள் தம் பைகளைப் பூஞ்சையால் நிரப்பிக்கொண்டு வெளியேறுகின்றன. ஒரே ஒரு பெண் வண்டு புதிய நாட்டில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கிவிட முடிவதற்கு இதுவே காரணம். கட்டைக்குள் வாழ்ந்து, மரத்தையும் உண்ணாத இப்பூச்சிக்கு இலைமேல் தெளிக்கும் மருந்து எப்படிப் போய்ச் சேரும் என்பதைத் தெளிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். குடைபாதையால் வலுவிழந்த தேயிலைக் கிளைகள் காற்றிலோ கொழுந்து பறிக்கும்போதோ முறிவதுதான் இங்கு உண்மையான இழப்பு.

இந்தத் தேயிலைத் துளைப்பானின் வகைப்பாடு அண்மையில் மாறியிருப்பதால், பழைய கையேடுகளை நம்பி இருப்போர் கவனமாக இருக்க வேண்டும். இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1868இல் விவரிக்கப்பட்ட இது, நெடுங்காலம் சைலிபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் என்ற ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டது. பின்னர் யூவாலேசியா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் அதற்குள் ஃபோர்னிகேட்டஸ், ஃபோர்னிகேஷியர், பெர்பிரெவிஸ், குரோஷியோ என நான்கு சிற்றினங்கள் மறைந்திருப்பதைக் காட்டின. கலிபோர்னியா, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் அவகாடோவையும் நிழல்மரங்களையும் தாக்குவது ஃபோர்னிகேட்டஸ். தேயிலைத் துளைப்பான் என்று இன்று குறிக்கப்படுவது முக்கியமாகப் பெர்பிரெவிஸ். லென்ஸில் இவற்றைப் பிரிக்க முயல்வது வீண்வேலை. டிஎன்ஏ சோதனை தேவை. மேல்நிலைப் பிரிவிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. முன்பு ஸ்கோலிட்டிடே என்ற தனிக்குடும்பமாக இருந்த பட்டை வண்டுகளும் இவ்வகை ஆம்புரோசியா வண்டுகளும் இப்போது கூன்வண்டுக் குடும்பத்தின் துணைக்குடும்பமாக, ஸ்கோலிட்டினே என்ற பெயரில் வைக்கப்படுகின்றன. அதில் ஏறத்தாழ 6,000 சிற்றினங்கள் உள்ளன.

இந்த உறவைப் புழுவைப் பார்த்தே உறுதிசெய்யலாம். பட்டை வண்டின் புழு வெண்ணிறமாக, காலின்றி, பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும். கூன்வண்டுப் புழுவும் அப்படியே. தலைக்குப் பின்னால் உடல் அகன்று தட்டையாகி, பின்பகுதி மெலிந்திருந்தால் அது பொன்வண்டுக் குடும்பம். தடித்து உருண்ட, கண்டங்கள் தெளிவான நீண்ட புழு நீள்கொம்பு வண்டினுடையது. மாமரம், பலா, அத்தி ஆகியவற்றின் தண்டைத் துளைக்கும் பேட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டாவின் புழு 8 சென்டிமீட்டரையும் தாண்டும்.

முழு வண்டு கிடைத்தால் உணர்கொம்பை முதலில் பாருங்கள். முழங்கைபோல் மடங்கி, நுனியில் இறுகிய குமிழ் இருந்தால் ஸ்கோலிட்டினே. மடங்காமல் நுனியில் மூன்று தளர்ந்த கணுக்கள் இருந்தால் பாஸ்ட்ரிக்கிடே. இவ்விரண்டும் உருளை வடிவில், தலையை முன்மார்புக்குள் மறைத்து ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், பலரும் ஏமாறுவது இங்கேதான். தலை முழுவதும் வெளியே தெரிய, உடல் மிக நீண்டு, பாதத்தின் முதல் கணு மற்ற கணுக்கள் அனைத்தும் சேர்ந்த நீளம் இருந்தால் அது கூன்வண்டுக் குடும்பத்தின் மற்றொரு துணைக்குடும்பமான பிளாட்டிபோடினே. காகிதம்போல் தட்டையாக, குடைபாதையில் விரைந்து ஓடுபவை, உடலில் மயிரும் பல நிறப் பட்டைகளும் கொண்டு எறும்பை ஒத்திருக்கும் கிளெரிடே குடும்பத்து வண்டுகள் ஆகியவற்றைக் கொல்ல வேண்டாம். கிளெரிடே வண்டும் அதன் புழுவும் பட்டை வண்டுகளைத் தின்று வாழ்பவை.

புழு மட்டுமே கிடைத்தால் வளர்த்துப் பார்ப்பதே நல்ல வழி. தாக்கப்பட்ட கிளையை ஒரு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, ஈரம் போகாதபடி இரு முனைகளிலும் மெழுகு பூசி, வெளிச்சம் புகாத அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளையிட்டுக் கண்ணாடிக் குப்பியைச் செருகினால், வெளிவரும் வண்டுகள் வெளிச்சத்தை நோக்கித் தாமே அதில் வந்து சேரும். புழுக்களைப் பாதுகாக்க, முதலில் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி, பிறகு எத்தனாலில் இடுங்கள். நேரடியாக இட்டால் கறுத்துவிடும். டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புபவற்றுக்கு 95 சதவீத எத்தனால் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், தேயிலையாக இருந்தால் வால்பாறை அல்லது தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றை அணுகும்போது, குப்பியோடு குடைபாதை தெரியும் ஒரு பட்டைத் துண்டையும் பிளந்த கிளையையும் காகிதத்தில் சுற்றிச் சேர்த்துக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் இட்டால் பூசணம் பிடித்துப் பாதையின் அடையாளங்கள் அழிந்துவிடும்.